அண்ணன் பேரில் ஏற்கெனவே ஒரு கம்பெனி இருக்கிறது

பெயர் சுபாஷ், வயது 24, தகப்பனார் பெயர் அப்பாவு, காலஞ்சென்றவர். முகவரி கதவு எண் 3/41, மாரியம்மன் கோயில் தெரு, பிள்ளைப்பாக்கம் கிராமம், ஸ்ரீபெரும்புதூர் வட்டம். படிப்பு டூல் அண்டு டை டிப்ளமோ. ஒரகடத்தில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் டூல் ரூமில் டிரெயினியாக வேலை செய்கிறேன்.

நான் மேற்படி முகவரியில் என் தாயார் ராஜம்மா, என் அண்ணி அம்சவல்லி ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். ஒரகடம் கூட்டு ரோட்டில் தொழிற்சாலைகளுக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்ட் செய்து வரும் தளவாய் என்பவர் என் மேல் கொடுத்த புகாருக்காக இன்று என்னை விசாரணைக்கு அழைத்து வந்தார்கள். கடைசியில் நடந்ததை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன், எனக்கு செகண்ட் ஷிப்ட் இருக்கிறது என்றேன். சார்பு ஆய்வாளர் பிரவீனா அவர்கள், முதலில் இருந்து சொன்னால்தான் எழுத முடியும் என்று சொன்னதால் முதலில் இருந்து சொல்கிறேன்.

என் உடன் பிறந்த அண்ணன் ரகு, மேற்படி தளவாயிடம் வேலை பார்த்து வந்தார். ஆட்களைக் காலையில் வேனில் ஏற்றிக்கொண்டு போய் கம்பெனி கேட்டில் இறக்கி, தலை எண்ணிக் கொடுத்து, ஆள் குறைந்தால் அந்த இடத்தில் தானே வேலைக்கு நிற்பது அவர் வேலை. சென்ற ஆண்டு மழைக்கு முன்பு, ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் கூரையில் மழைநீர் போகும் கால்வாயைச் சுத்தம் செய்ய வர வேண்டிய ஆட்கள் வராததால் என் அண்ணனே மேலே ஏறினார். வெளிச்சத்துக்காகப் போட்டிருந்த பிளாஸ்டிக் ஷீட்டின் மேல் கால் வைத்ததில் அது உடைந்து கீழே கான்கிரீட் தரையில் விழுந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியில் இறந்துவிட்டார். அவருக்கு பாதுகாப்பு பெல்ட் கொடுக்கவில்லை, கட்டிக்கொள்ள மேலே கயிறும் இல்லை. அதன் பிறகு நான் அந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். தூசி படிந்து பிளாஸ்டிக் ஷீட்டும் பக்கத்தில் இருந்த தகர ஷீட்டும் ஒரே நிறமாக இருந்தன. மேலே நின்று பார்த்தால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. அது வேறு வழக்கு, இதில் சேர்க்க வேண்டியதில்லை என்று எழுத்தர் சொன்னார். அது இல்லாமல் இது இல்லை என்று நான் சொன்னதால் சேர்க்கப்பட்டது.

அண்ணன் இறந்த பிறகு தளவாய்தான் ஆம்புலன்ஸ் முதல் காரியம் வரை எல்லாம் பார்த்தார். அண்ணன் போட்டோவைப் பெரிதாக்கி பிரேம் போட்டு அவரே தூக்கிக்கொண்டு வந்தார். அவர் தூத்துக்குடிப் பக்கத்து ஆள். நஷ்ட ஈடு பற்றி நாங்கள் கேட்டபோது, “எல்லாத்தையும் நான் பாத்துக்கிடுதேன், நீங்க கோர்ட்டு, வக்கீலுன்னு அலையாதிய” என்றார். அதன் பிறகு நானும் அண்ணியும் இ.எஸ்.ஐ. ஆபீசுக்குப் போனபோது, அண்ணன் பெயர் தொழிலாளர் பட்டியலிலேயே இல்லை என்றார்கள். தளவாயிடம் சொன்னோம். ஆன்லைனில் ஏதோ தப்பு ஏறியிருக்கிறது, சரி செய்கிறேன் என்றார். நாங்கள் நம்பினோம். போட்டோ கொண்டு வந்து கொடுத்தவர் என்பதால் நம்பினோம்.

என் அண்ணி கல்யாணத்துக்கு முன்பு இருங்காட்டுக்கோட்டையில் கார் சீட் கவர் தைக்கும் கம்பெனியில் டெய்லராக இருந்தவர். அண்ணன் இறந்த பிறகு வீட்டில் இரண்டு பவர் மெஷின் போட்டு, லைனில் வேலை செய்பவர்கள் போடும் காட்டன் கையுறையும் முழங்கை வரை மாட்டும் உறையும் தைக்க ஆரம்பித்தார். தையல் நன்றாக இருக்கும். நான் டூல் ரூமில் போட்டுப் பார்த்தேன், விரல் இடுக்கில் பிரியவில்லை. எங்கள் கம்பெனி பர்ச்சேஸ் பிரிவில் சாம்பிள் கொடுத்தேன். பிடித்திருக்கிறது, ஆனால் பதிவு பெற்ற பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்தால்தான் சரக்கு கொடுக்கும் வெண்டராகச் சேர்க்க முடியும், வீட்டில் தைக்கும் ஆளிடம் வாங்க முடியாது என்றார்கள். அதனால் கம்பெனி பதிவு செய்வது என்று முடிவு செய்தோம்.

பெயர் என்ன வைப்பது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. ரகு இண்டஸ்ட்ரியல் சப்ளைஸ் என்று அண்ணியே முடிவு செய்துவிட்டார். கையுறையின் மணிக்கட்டில் வைத்துத் தைக்க நீல ரிப்பனில் ரகு, ரகு என்று எழுத்து நெய்த சின்னச் சின்ன லேபிள் காஞ்சிபுரத்தில் சொல்லி வாங்கி வந்து வைத்திருந்தார். நான், பதிவு ஆகட்டும் அண்ணி, பேர் காலியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்றேன். அவர், “இன்னாடா இது, உங்க அண்ணன் பேரு காலியா கீதான்னு எவன்கிட்டயோ கேப்பாங்களா?” என்றார். கிருத்திகைக்கு வல்லக்கோட்டை போய் முருகன் காலடியில் பெயர் எழுதிய சீட்டை வைத்து எடுத்த பிறகுதான் கம்ப்யூட்டரில் தட்ட வேண்டும் என்றும் சொன்னார். முருகன் குடுத்தாலும் ரிஜிஸ்டிரார் குடுக்கணும் அண்ணி என்றேன். “முருகன் ஆதார் கேக்க மாட்டாரு, போடா” என்றார். அண்ணன் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதன் பிறகு கிருத்திகை அன்று வல்லக்கோட்டை போய் வந்தோம். சீட்டில் குங்குமம் ஒட்டியிருந்தது. உத்தரவு ஆகிவிட்டது என்றார்.

அதன் பிறகு மறுநாள் டீ பிரேக்கில், கேண்டீனில் உட்கார்ந்து என் போனில் கம்பெனிப் பதிவு இணையதளத்தில் அந்தப் பெயரைத் தேடினேன். இரண்டு நிமிட வேலை. அதே பெயர் வரவில்லை, ஆனால் மிக நெருக்கமான பெயர் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது என்று வந்தது. ரகு இண்டஸ்ட்ரியல் சர்வீசஸ் (ஓ.பி.சி.) பிரைவேட் லிமிடெட், நடப்பில் உள்ளது என்று காட்டியது. ரகு என்று ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள், எவனோ முந்திக்கொண்டான் என்று நினைத்தேன். சப்ளைஸ் வேறு, சர்வீசஸ் வேறு, விடுவார்களா என்று பார்க்கலாம் என்று அந்தக் கம்பெனியின் விவரத்தைத் திறந்தேன். பதிவு அலுவலக முகவரி என்ற இடத்தில் கதவு எண் 3/41, மாரியம்மன் கோயில் தெரு, பிள்ளைப்பாக்கம் என்று இருந்தது. அது எங்கள் வீடு. டைரக்டர் பெயர் ரகு, தகப்பனார் பெயர் அப்பாவு என்று இருந்தது. பக்கத்தில் இருந்தவர் டீ ஆறுது என்றார். நான் பக்கத்தை மூடித் திரும்பத் திறந்தேன். அதேதான் வந்தது.

அண்ணன் இறந்த பிறகும் அந்தக் கம்பெனியின் பேரில் கணக்குத் தாக்கல் ஆகியிருந்தது. டைரக்டர் கையெழுத்து என்ற இடத்தில் என் அண்ணன் டிஜிட்டல் கையெழுத்து இருந்தது.

அதன் பிறகு ஷிப்ட் முடிந்ததும் மறைமலை நகரில் உள்ள என் நண்பன் ஜோயல் என்பவரைப் போய்ப் பார்த்தேன். அவர் என்னோடு பள்ளியில் படித்தவர், கம்பெனி பதிவு செய்து கொடுக்கும் ஒரு ஆபீசில் வேலை செய்கிறார். நான் வண்டியை விட்டு இறங்காமலேயே போனை நீட்டினேன். அவர் பார்த்துவிட்டு, “மச்சான், வண்டிய ஸ்டாண்டு போட்டுட்டு உள்ள வா” என்றார். என்னடா சொல்லித் தொலை என்றேன். “உள்ள வந்து உக்காரு மொதல்ல” என்றார். அதன் பிறகு அவர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்தக் கம்பெனியின் பேப்பர்களை எடுத்துப் பார்த்துச் சொன்னதன் சாரம் கீழே வருமாறு.

அது ஓ.பி.சி. என்று, ஒரே ஒரு ஆள் மட்டும் முதலாளியாக இருக்கும் வகைக் கம்பெனி. முதலாளி என் அண்ணன் ரகு. தாக்கல் ஆன கணக்குப்படி, அவர் விழுந்து இறந்த தொழிற்சாலைக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்ட் அந்தக் கம்பெனி பேரில்தான் இருக்கிறது. அதாவது என் அண்ணனை அன்றைக்கு வேலைக்கு அனுப்பிய கான்ட்ராக்டர், பேப்பரில், என் அண்ணன். அதனால்தான் தொழிலாளர் பட்டியலில் அவர் இல்லை. முதலாளி எப்படி அதில் வருவார். தளவாய் பெயர் எங்கே என்று கேட்டேன். ஜோயல் எல்லாப் பக்கமும் தள்ளிப் பார்த்துவிட்டு, இல்லை என்றார். நான் டூல் ரூமில் வேலை செய்பவன். டிராயிங்கில் இல்லாத பாகத்தை யாரும் கேட்க முடியாது. தளவாய் அந்த டிராயிங்கில் இல்லை.

அதன் பிறகு ஜோயல், இந்த வகைக் கம்பெனியில் முதலாளி இறந்துவிட்டால் யாருக்குப் போக வேண்டும் என்று முன்னாலேயே ஒரு நாமினி எழுதி, அவர் சம்மதக் கையெழுத்தும் வாங்கி வைக்க வேண்டும் என்றார். நாமினி யார் என்று கேட்டேன். அவர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். அம்சவல்லி என்று இருந்தது. கீழே என் அண்ணி கையெழுத்து இருந்தது, அவர் போடுகிற மாதிரியே கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு கோட்டுடன்.

நான், “சரிடா, கம்பெனி அண்ணிதுன்னா பேரும் அண்ணிதுதானே, வேலை முடிஞ்சுதுல்ல” என்றேன். பேர் கிடைக்கும், அந்தக் கம்பெனி ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தால் இதே மாதிரிப் பேர் வைத்துக்கொள்ளலாம், எழுதிக் கொடுக்க வேண்டியது அண்ணி, வாங்க வேண்டியதும் அண்ணி என்றார். இப்பவே போடச் சொல்கிறேன் என்று எழுந்தேன். அவர் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்து, “எதுக்குடா எப்பப் பாத்தாலும் பறக்குற? அண்ணி ஓனர்னு ஒரு எடத்துல கையெழுத்துப் போட்டுட்டா, ரகு அண்ணன வேலைக்கு வெச்சிருந்தது அண்ணி. கூரை மேல ஏத்துனது அண்ணி. பெல்ட்டு குடுக்காதது அண்ணி. நாளைக்கு நஷ்ட ஈடுன்னு கேஸ் போட்டா, அண்ணி மேலதான் அண்ணி போடணும்” என்றார்.

அதன் பிறகு வீட்டுக்குப் போனேன். அண்ணி மெஷினில் இருந்தார். “இன்னாடா, பேரு வந்துச்சா இல்லியா?” என்று மெஷினை நிறுத்தாமலேயே கேட்டார். நான் எப்போதும் சுற்றிவளைத்துப் பேசுபவன் இல்லை, வந்ததை அப்படியே சொன்னேன். மெஷின் நின்றது. நாமினி கையெழுத்து எப்போது போட்டீர்கள் என்று கேட்டதற்கு, அண்ணன் இருந்தபோது தளவாய் ஒரு நாள் வந்து பி.எஃப். நாமினி, பொண்டாட்டி கையெழுத்து வேண்டும் என்று கேட்டார், போட்டேன் என்றார். “எல்லார் வூட்லயும் பொண்டாட்டிதானே நாமினி. படிச்சுப் பாத்துட்டா போடுறாங்க?” என்றார். இதில் அவர் மேல் தப்பு இல்லை. இந்தப் பக்கம் எந்த வீட்டிலும் அந்தப் பேப்பரை யாரும் படிப்பதில்லை. நானும் என் கம்பெனியில் படிக்காமல்தான் போட்டேன்.

அதன் பிறகு அண்ணி, அண்ணனுக்கு இது தெரியும் என்று சொன்னார். எப்படி என்று கேட்டேன். தளவாய் ஊரில் இருந்து மக்ரூன் வாங்கி வந்து கொடுத்த சமயம், அண்ணன் ஒரு வாரம் விளையாட்டுப் பண்ணிக்கொண்டிருந்தார், அண்ணி போன் போட்டால், “முதலாளி பேசறேன், சொல்லும்மா” என்று எடுப்பார், என்ன முதலாளி என்று கேட்டால், இப்போது பேப்பரில்தான், போகப் போக நிஜமாகவே ஆகிடும் என்பார், அண்ணி அதை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டார். இதைச் சொல்லிவிட்டு அண்ணி, “முதலாளின்னு நெனச்சிகினு இருந்த மனுசன், ஆள் வர்லன்னா தானே ஏறுவாரா? எந்த முதலாளிடா கூரை மேல ஏறுறான்?” என்றார். அதன் பிறகு அவர் எழுந்து லேபிள் இருந்த கவரை எடுத்து பீரோ மேல் வைத்தார். அன்றைக்கு மேற்கொண்டு தைக்கவில்லை.

அதன் பிறகு அடுத்த வாராந்திர லீவு அன்று நான் தளவாய் ஆபீசுக்குப் போனேன். ஒரகடம் கூட்டு ரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே, மாடியில் இருக்கிறது. படிக்கட்டு ஓரம் சுவரில் ரகு இண்டஸ்ட்ரியல் சர்வீசஸ் என்று நீலத்தில் வெள்ளை எழுத்தில் பலகை மாட்டியிருந்தது. எங்கள் அண்ணன் உயிரோடு இருந்தபோதும் அதன் பிறகும் நான் அந்த ஆபீசுக்குப் போனதில்லை. அவரைக் கூட்டிப் போகவும் கொண்டு விடவும் வேன்தான் வரும். அன்றைக்குத்தான் அந்தப் பலகையைப் பார்த்தேன். ரகு என்ற எழுத்து மட்டும் ஒரு சாண் உயரம் இருக்கும்.

தளவாய் என்னைப் பார்த்ததும், “ஏ சுபாசு, வாடே, உக்காரு. டீ சொல்லட்டா?” என்றார். டீ வேண்டாம், கம்பெனி யாருடையது என்று கேட்டேன். எந்தக் கம்பெனி என்றார். வெளியே மாட்டியிருக்கும் கம்பெனி என்றேன். அதன் பிறகு அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து பின்வருமாறு சொன்னார். “ஒங்க அண்ணனுக்கு நான் நல்லதுதாம்டே பண்ணேன். இந்த ரோட்டுல எத்தன பய பேர்ல கம்பெனி இருக்கு, சொல்லு. வம்படியாவா கையெழுத்து வாங்குனேன்? சிரிச்சுக்கிட்டேல்லா கையெழுத்துப் போட்டான்.” நான் அதைக் கேட்கவில்லை, யாருடையது என்று ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்றேன். “ரகுவுது. அவன் போனதுக்குப் பொறவு ஒங்க மைனியுது. எனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. நம்பலன்னா கம்ப்யூட்டர்ல பாத்துக்க, நீதான் படிச்ச பயலாச்சே” என்றார். நஷ்ட ஈடு என்ன ஆகும் என்று கேட்டதற்கு, “அத ஓனருட்ட போயி கேளு” என்றார். இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அதன் பிறகு அவருக்கு ஒரு போன் வந்தது, பேச ஆரம்பித்தார்.

நான் அவரை அடிக்கவில்லை, கெட்ட வார்த்தையில் திட்டவும் இல்லை. புகாரில் அப்படி எழுதியிருந்தால் அது பொய். நான் கீழே இறங்கி ஹார்டுவேர் கடையில் ஒரு ஸ்பேனர் கேட்டு வாங்கி, திரும்ப ஏறி, அந்தப் பலகையின் நான்கு போல்ட்டையும் கழற்றி, பலகையை எடுத்துக்கொண்டு, போல்ட்டுகளைத் திரும்ப அதே ஓட்டையில் கையால் திருகிவிட்டு, ஸ்பேனரைக் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். பலகையை வண்டியில் குறுக்கே வைத்து பனியனைக் கழற்றிக் கட்டினேன். முகத்தை மறைக்கவில்லை. கேமராவில் இருப்பது நான்தான். எடுக்கும்போது அது யாருடையது என்று யோசிக்கவில்லை. அந்த ஆள் தலைக்கு மேல் எங்கள் அண்ணன் பேர் இருக்கக் கூடாது என்று மட்டும் இருந்தது.

அதன் பிறகு பலகையை வீட்டுக்குக் கொண்டு வந்து கூடத்தில் சுவரோரம் நிறுத்தினேன். அண்ணி அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். என் தாயார் ராஜம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. “இன்னா எழுதிகீது?” என்று கேட்டார். அண்ணன் பேர் என்று சொன்னேன். இவ்வளவு பெரிசாவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எதற்கு, எங்கே இருந்தது என்று அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. அதன் பிறகு நான் குளித்துவிட்டு வந்து பார்த்தபோது, பலகையைத் துடைத்து நான்கு மூலையிலும் மஞ்சள் குங்குமம் வைத்து, முன்னால் ஒரு விளக்கு ஏற்றியிருந்தார். காவலர்கள் பலகையைக் கைப்பற்றியபோது அதில் இருந்த கறை அதுதான். பலகைக்குச் சேதம் இல்லை.

அதன் பிறகு இன்று காலை காவலர்கள் வீட்டுக்கு வந்து பலகையை எடுத்துக்கொண்டு என்னையும் இங்கே அழைத்து வந்தார்கள். அண்ணியும் பின்னாலேயே ஷேர் ஆட்டோவில் வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

இதுவரை சொன்னதைக் கேட்ட சார்பு ஆய்வாளர் அவர்கள், ஜோயல் எடுத்துக் கொடுத்த பேப்பரை வாங்கிப் படித்துவிட்டு, “தம்பி, இதுப்படி உங்க அண்ணிதான் ஓனர். ஓனர் வூட்டுப் பலகைய ஓனர் வூட்டுக்கு எடுத்துட்டுப் போனா எப்படித் திருட்டாகும்? அப்படியே எழுதிக் குடுத்துட்டு ஷிப்டுக்குப் போ. உன் வேலைக்கு போலீஸ் வெரிபிகேஷன் வேற வரும்ல?” என்றார். அது உண்மை. அடுத்த மாதம் எனக்கு வேலை நிரந்தரம் ஆகும் கன்பர்மேஷன் வர இருக்கிறது, வழக்கு இருந்தால் வராது. அவர் என் நல்லதுக்குத்தான் சொன்னார். நானும் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்கு முன் புகாரை ஒரு முறை படித்துக் காட்டச் சொன்னேன்.

படித்துக் காட்டினார்கள். தொழிற்சாலையில் இருந்து தளவாய் ஆபீசுக்கு ஆய்வுக்கு வந்தவர்கள் பலகை இல்லாததைப் பார்த்துவிட்டு ஆட்களை கேட்டுக்குள் விடவில்லை என்றும், “எனக்குச் சொந்தமான ரகு இண்டஸ்ட்ரியல் சர்வீசஸ் கம்பெனியின் பெயர்ப் பலகையை எனது அனுமதி இல்லாமல் சுபாஷ் என்பவர் திருடிச் சென்றுவிட்டார்” என்றும், அதை மீட்டுத் தர வேண்டும் என்றும் தளவாய் கையெழுத்துப் போட்டு எழுதியிருந்தார். அந்த ஒரு வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னேன். “எனக்குச் சொந்தமான” என்று இருந்தது. நானே வாங்கியும் பார்த்தேன். அவர் கைப்பட எழுதியது. ஆட்கள் வெளியே நிற்கிற அவசரத்தில் எழுதியிருப்பார். எந்தப் பேப்பரிலும் இல்லாத ஆள் இந்த ஒரு பேப்பரில் இருந்தார்.

அதன் பிறகு அனுமதி வாங்கிக்கொண்டு வெளியே போய் அண்ணியிடம் சொன்னேன். பலகை நம்முடையது என்று சொன்னால் என் மேல் வழக்கு இல்லை, அண்ணன் பேரும் நமக்கே வரும், ஆனால் அண்ணன் முதலாளியாகச் செத்தார் என்று ஆகிவிடும், பலகை தளவாயுடையது என்று நான் ஒத்துக்கொண்டால் கம்பெனி அவருடையது, அவரிடம் அண்ணன் வேலைக்கு இருந்தார் என்று கேட்க ஒரு பிடி கிடைக்கும், பேர் அவரோடு போய்விடும் என்றேன். உனக்கு என்ன ஆகும் என்று கேட்டார். திருட்டு வழக்கு என்றேன். “வேலை?” என்றார். போகும் என்றேன். பேர் போனால் வேறு பேரில் பதிவு செய்ய முடியுமா என்று கேட்டார். எந்தப் பேர் என்றாலும் காலியாக இருந்தால் கிடைக்கும் என்றேன்.

அண்ணி முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அதன் பிறகு, “பேர அவனுக்கே குடுத்துடு சுபாசு. உங்க அண்ணன் கூலிக்குப் போய்ச் செத்தாருன்னு கவர்மெண்டு எழுதுனா போதும் எனக்கு. அவர நானே வேலைக்கு அனுப்பிச் சாவடிச்சேன்னு எழுத வெக்காத” என்றார். வேலை போனால் என்ன செய்வாய் என்று அவர் கேட்கவில்லை. “வந்து கட்டிங் மெஷின்ல நில்லு” என்றார்.

அதன் பிறகு நான் உள்ளே வந்து கீழ்க்கண்டவாறு சொல்லி, சொன்னது சொன்னபடியே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மேற்படி பெயர்ப் பலகையை அதன் உரிமையாளரான தளவாய் அவர்களின் அனுமதி இல்லாமல் நான் எடுத்துச் சென்றது உண்மை. பலகை தளவாய் அவர்களுக்குச் சொந்தமானது. பலகையில் உள்ள கம்பெனி தளவாய் அவர்களுக்குச் சொந்தமானது. பலகையில் ரகு என்று எழுதியிருக்கும் பெயரும் தளவாய் அவர்களுக்குச் சொந்தமானது, அதில் எனக்கோ, என் தாயாருக்கோ, என் அண்ணிக்கோ எந்த உரிமையும் இல்லை. என் அண்ணன் ரகு அவரிடம் கூலிக்கு வேலை செய்தவர். தளவாய் அவர்கள் எழுதிக் கொடுத்த புகாரை இந்த வாக்குமூலத்துடன் சேர்த்து வைத்து, இரண்டுக்கும் நகல் எனக்குத் தர வேண்டும். பலகையை அவரிடமே ஒப்படைக்கலாம். ஒப்படைக்கும் முன் மஞ்சள் குங்குமத்தைத் துடைத்துக்கொள்ள என் தாயாருக்கு நேரம் தர வேண்டும் என்று கேட்டேன். வேண்டாம், அது வழக்குப் பொருள், இருப்பது இருந்தபடியே இருக்க வேண்டும் என்று சொன்னார்கள். சரி என்றேன்.

இதை யாரும் மிரட்டிச் சொல்லவைக்கவில்லை. எழுதியதை வாங்கி நானே முழுவதும் படித்தேன், இந்த முறை எல்லா வரியும் படித்தேன். நான் சொன்னதுதான் இருக்கிறது, சொல்லாதது எதுவும் இல்லை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) அ. சுபாஷ்

என் முன்னிலையில் சொல்லப்பட்டு, என்னால் பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்) பிரவீனா, சார்பு ஆய்வாளர்